திருகில் இரண்டு நாலு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதைத் தாண்டி நம் பேச்சு நகர்வதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆய்வகத்தில் என்னைக் கல் பிரிவிலிருந்து நார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாலு வருடமாகக் கல்லிலும் செங்கல்லிலும் இருக்கும் நுண்துளைகளை அளந்தவன், இனிமேல் செடி நாரில் இருக்கும் துளைகளை அளக்க வேண்டும். துளை துளைதானே என்று தைரியமாகப் போனேன். முதல் நாளே மானம் கப்பலேறியது.

கல்லை அளப்பதற்கு முன்னால் சூட்டு அலமாரியில் வைத்து ஈரம் போக உலர்த்துவோம். அதே பழக்கத்தில், ஈரமாகக் கொடுத்த நாரையும் உள்ளே வைத்து மொறுமொறுவென்று காயவைத்துப் பிரிவுத் தலைவியின் மேசைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆளை அளந்துட்டு வாங்கன்னு அனுப்பினேன். நீங்க எரிச்சுட்டு வந்து உயரம் சொல்றீங்க" என்றார்.

விஷயம் இதுதான். ஈரமான நாரில் துளைகள் திறந்திருக்கும். நல்ல சூட்டில் உலர்ந்தால் சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஊறவைத்தாலும் பாதி திறக்காது. கல் அப்படியில்லை, எத்தனை தரம் சுட்டாலும் கல் கல்தான். நாரை அதன் போக்கை மாற்றாமல் அளப்பதுதான் இங்கே வேலையே.

அது கிடக்கட்டும். கல் பிரிவில் கழித்துப் போட்ட சூட்டு அலமாரியைக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து, காற்றாடி பொருத்தி, போன வருடம் உன் பட்டறையில் கொண்டுவந்து வைத்தேனே, அது ஒழுங்காக ஓடுகிறதா? ஆஸ்பத்திரிக்குப் புண்ணில் வைக்கும் பேட் செய்யும் வாழைமட்டை நாரை மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பாய். அந்தப் புகையில் இருமி இருமித்தான் என்னைப் படிக்க வைத்தாய். உன்னை முதலில் அந்தப் புகையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. அது நிறைவேறியதில் எனக்கு இருக்கும் நிம்மதியைச் சொல்லி மாளாது.

சூட்டைக் கூட்டும் திருகில் எண்கள் அழிந்திருந்தன அல்லவா? சிவப்புப் பெயின்ட்டில் நான் எழுதியபோது அவசரத்தில் நாலை இரண்டு தடவை எழுதி, ஐந்தை விட்டுவிட்டேன். அதைத் திருத்தினாயா?

மாமாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் மாமாவும் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாடிப்படியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நீ கொடுத்த அலமாரி பட்டறை நடுவில் ராஜா மாதிரி நிற்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் "எங்க தம்பி செஞ்சு குடுத்தான்" என்று சொல்வேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது.

எரித்துவிட்டு உயரம் சொன்ன கதையைப் பட்டறைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஏனோ எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எனக்காக இல்லை, ஒரு சிநேகிதிக்காக. உனக்கு அவளைத் தெரியாது, புதிதாக இந்தப் பக்கம் குடிவந்தவள். அவளும் எங்களைப் போலவே பேட் செய்கிறாள். போன வருடம் வரை புண்ணில் கசியும் நீரையெல்லாம் அவள் பேட் குடித்துவிடும். இப்போது மேலேயே நிற்கிறதாம். "படுக்கையில கிடக்கிறவங்களுக்கு முதுகெல்லாம் நனையுதும்மா" என்று வார்டு சிஸ்டர் அவளிடம் வருத்தப்பட்டார். நீ சொன்னதுபோல நாரைச் சூட்டில் காயவைத்தால் எப்போதும் அப்படித்தானா? வாழைமட்டை நாருக்குமா? அவள் கவலைப்படுகிறாள், அதனால் கேட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைவியிடம் பணிவாக இரு.

உன் அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் நலம். ராஜாவை மிகவும் துடைக்காதே, பெயின்ட் போய்விடும்.

உன் சிநேகிதிக்குச் சொல்: அனுமானத்தில் சொல்வதைவிட அளந்தே சொல்கிறேன். மூன்று பாட்டில் அனுப்பச் சொல். ஒன்றில் வேகவைத்து அலசி, ஒரு தடவைகூடக் காயாத நார். இரண்டாவதில் நிழலில் காய்ந்தது. மூன்றாவதில் அவள் வழக்கமாகக் காயவைக்கும் விதத்தில் காய்ந்தது. ஈர நாரைப் பிழியக் கூடாது, வெட்டக் கூடாது. தண்ணீரோடு இறுக மூட வேண்டும்.

எங்களிடம் ஒரு காந்தக் கருவி இருக்கிறது. ஊறிய நாரைக் கண்ணாடிக் குழாயில் போட்டு உள்ளே வைத்தால், நாருக்குள் இருக்கும் தண்ணீரை மட்டும் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, அது அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். சின்ன அறையில் விட்ட குழந்தை சுவரில் முட்டி முட்டிச் சீக்கிரம் உட்கார்ந்துவிடும், மைதானத்தில் விட்டது ஓடிக்கொண்டே இருக்கும் இல்லையா? அதுபோல, குறுகிய துளையில் இருக்கும் தண்ணீர் உடனே அடங்கும், அகன்ற துளையில் இருப்பது மெதுவாக அடங்கும். அந்த நேரத்தை வைத்துத் துளையின் அளவைச் சொல்லிவிடலாம். நாருக்கு ஒன்றும் ஆகாது. அளந்து முடித்ததும் அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

உன் சிநேகிதிக்குத் தைரியம் சொல். உனக்கு வேண்டியவள் என்றால் எனக்கும் வேண்டியவள்தான்.

உன் தம்பி

*

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நலமே. அங்கே குளிர் விட்டதா?

மூன்று பாட்டிலும் இத்துடன் வருகின்றன. நீ சொன்னபடி பிழியவில்லை, வெட்டவில்லை. மூன்றாவது, அவளுக்கு வேண்டிய ஒருவன் கொடுத்த இயந்திரத்தில் காய்ந்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று சிநேகிதி ஒரு மாதம் யோசித்தாள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்" என்றாள். நான்தான் கட்டாயப்படுத்தினேன்.

வார்டு சிஸ்டர் நல்ல மனுஷி. ஆகஸ்டு முடியும் வரை பொறுப்பதாகவும், அதற்குள் பழைய மாதிரி பேட் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்றும் அவளிடம் சொல்லிவிட்டார். அவளை நம்பி எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். இந்த வேலையை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை.

உடம்பைக் கவனி. மாமாவும் இரண்டு வரி எழுதுகிறாராம்.

உன் அக்கா

மச்சான், நலமா? எதையும் எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆகையால் இங்கே எல்லாம் நலம். – மாமா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் கடிதம் போல ஒரு கடிதத்தை நான் வாழ்நாளில் படித்ததில்லை. அவருக்கு என்ன உத்தரவு போட்டிருக்கிறாய்?

முடிவு வந்துவிட்டது. காயாத நாரின் துளைகள் நூறு பங்கு தண்ணீர் பிடிக்கின்றன என்று வை. நிழலில் காய்ந்தது திரும்ப ஊறினால் எழுபது பிடிக்கிறது. மூன்றாவது பாட்டிலில் இருந்தது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. அதைச் சூடான காற்றில் காயவைத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. பேட் உறிஞ்சாததற்குக் காரணம் அதுதான்.

எந்த மடையன் அக்கா அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு இயந்திரத்தைக் கொடுத்தான்? கல்லைச் சுடுகிற சூட்டில் நாரை வாட்டியிருக்கிறான்! நாரைப் பற்றி ஒரு எழுத்துத் தெரிந்திருந்தால் இந்தக் காரியம் செய்வானா? உடனே அதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடச் சொல். கொடுத்தவனைக் கண்டால் என்னிடம் அனுப்பு, நான் பாடம் எடுக்கிறேன்.

பாட்டில்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு இழைகூடக் குறையவில்லை.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி

*

மே 2

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். சுகம்.

பாட்டில்கள் வந்தன. உள்ளே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, ஒன்றையும் கலைக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறாயே! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உன் படிப்பு வீண்போகவில்லை.

ஆனால் ஒன்று. கொடுத்தவனை நீ அப்படித் திட்டியிருக்க வேண்டாம். அவன் மடையன் இல்லை. நல்ல பிள்ளை. அவள் மேல் உயிரை வைத்திருப்பவன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? எத்தனை கஷ்டப்பட்டு அதைச் செய்தானோ, எத்தனை தூரம் சுமந்து வந்தானோ, உனக்கு என்ன தெரியும்?

பழைய இரும்புக்குப் போட முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். போட்டால் ஒருநாள் அவன் வரும்போது அந்த இடம் காலியாக இருக்குமே! இப்போதைக்குப் பெண்கள் மாடியில் நிழலில் காயவைக்கிறார்கள். மழை தொடங்கினால் அதுவும் முடியாது. மறுபடி அடுப்புப் புகைதான். அவளுக்கு நெஞ்சு தாங்காது.

அதனால், அந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டே பிழைக்க ஏதாவது வழி உண்டா என்று உன் காந்தத்திடம் கேள். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொன்றிலும் காய்ந்த நாரை அனுப்பச் சொல்கிறேன்.

வெயிலில் அலையாதே.

உன் அக்கா

*

மே 28

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விழைகிறேன். நான் உங்கள் அக்காவின் பட்டறையில் எடை போட்டுப் பேட் அடுக்கும் வேலை பார்க்கிறேன். எல்லோரும் என்னை "அளவுகோல்" என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை. பார்சலை என்னைக் கட்டச் சொன்னார்கள். வேறு எதையும் எழுதக் கூடாது என்றும் சொன்னார்கள். ஆகவே பாட்டில்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மொத்தம் ஏழு. திருகில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பாட்டிலிலும் எழுதியிருக்கிறேன்: 0, 1, 2, 3, 4, 4, 6. இரண்டாவது நாலு ஐந்தாக இருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன், மனசுக்குப் பட்டதை எழுத மாட்டேன். குழப்பம் வராமல் இருக்க இரண்டாவது நாலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

0 என்பது சூடே இல்லாமல் காற்றாடி மட்டும். காய இரண்டு நாள் ஆனது, ஓரத்தில் லேசாகப் பூசணம் வாடை.

தங்கள் உடல்நலத்துக்கு என் வாழ்த்துகள்.

இப்படிக்கு, அளவுகோல்

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? இருமல் இருக்கிறதா? மறைக்காமல் எழுது.

ஆறு வாரம் பதில் போடவில்லை. கருவி பழுது என்று எழுத நினைத்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது. பார்சலைத் திறந்து பாட்டில்களை வரிசையாக வைத்த அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை. தலைவி வந்து "என்னாச்சு, நார் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, எல்லாம் முழுசா இருக்கு" என்றேன்.

உன் சிநேகிதிக்கு முடிவுகள்: ஒன்றிலிருந்து ஆறு வரை, சூடு ஏற ஏறத் துளைகள் மூடிக்கொண்டே போகின்றன. இரண்டு நாலில் நூல் கட்டியது இன்னும் மோசம். ஆனால் பூஜ்ஜியத்தில் காய்ந்தது அறுபத்தெட்டு பிடிக்கிறது! நிழலில் காய்ந்ததற்கு ஏறக்குறைய சமம். ஆக, சூடு வேண்டாம், காற்று மட்டும் போதும். பூசணம் வரக் காரணம், ஈரம் வெளியே போக வழி இல்லாததுதான். அது சூட்டைப் பிடித்து வைக்கச் செய்த பெட்டி.

அவளை இப்படிச் செய்யச் சொல். பின்பக்கத் தகட்டில் ஆறு திருகாணி இருக்கும். ஐந்து சுலபமாக வரும். கீழே இடது மூலையில் இருப்பது வராது. மாட்டியவன் அவசரத்தில் கோணலாக ஏற்றிவிட்டான். இடது உள்ளங்கையால் தகட்டை அழுத்திக்கொண்டு திருப்பினால் வந்துவிடும். தகட்டை எடுத்துவிட்டு, உள்ளே கல் வைக்கும் கனத்த தட்டுகளையும் கழற்றிவிட்டு, வலைத்தட்டு வைக்கட்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். காற்றாடிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை மடித்த துணியில் சுற்றி வைத்திருக்கும், அதை எடுக்க வேண்டாம். எடுத்தால் அதிரும்.

அந்த மடையனைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவன் மடையன்தான்.

நீ உடம்பைத் தேற்றிக்கொள்.

உன் தம்பி

*

ஆகஸ்டு 17

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். காய்ச்சல் போயே போய்விட்டது. இருமலும் இல்லை.

கீழ் இடது மூலைத் திருகாணியோடு மாமா அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். அப்புறம் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினார். சட்டென்று வந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். மாமா "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சே பார்த்துக்க" என்று முணுமுணுத்தார். அவர் சிநேகிதியின் வீட்டில் உதவிக்குப் போயிருந்தார் என்று வைத்துக்கொள்.

நாலு நாள் அடைமழை. பெட்டி நிற்காமல் ஓடியது. எட்டு மணி நேரத்தில் நார் காய்ந்தது. அளவுகோல் ஒவ்வொரு நார்க் கட்டையும் மோந்து பார்த்துவிட்டு "பூசணம் இல்லை" என்று சத்தமாக அறிவித்தாள். நீ திருப்பி அனுப்பியதில் நிழலில் காய்ந்த நாரையும் வீணாக்காமல் ஒரு பேடில் சேர்த்துவிட்டார்கள்.

புதிய பேடை வார்டு சிஸ்டர் மேசையில் வைத்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எட்டுப் பேரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசிச் சொட்டு வரை உள்ளே போய்விட்டது. சிஸ்டர் பேடைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "பழைய பேட் வந்துருச்சும்மா. இனிமே நிறுத்திடாதீங்க" என்றார். பெண்களில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

சிநேகிதி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லையாம்.

நன்றாக இரு, ராஜா.

உன் அக்கா

*

ஆகஸ்டு 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். டம்ளர் தண்ணீரை நான்கு தடவை படித்தேன். தலைவிக்கும் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அக்கா, எட்டுப் பேரும் நீயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில் உன் சிநேகிதி எங்கே நின்றாள்?

போதும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் ஜனவரியிலேயே என் வாயால் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அதை நானே கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் துளையைப் பற்றிப் பாடம் சொன்னவன், என் கையால் உன் பட்டறையில் கொண்டுவந்து வைத்ததை மறந்துவிட்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாளே வந்து தூக்கிப் போயிருப்பேனே! பட்டறையே போய்விடும் நிலையிலும் ஏன் அக்கா சொல்லவில்லை?

வருத்தத்தில் கேட்கிறேன், கோபத்தில் இல்லை. புகையில் நின்று என்னை வளர்த்தாய். நான் கொடுத்த சூட்டையும் தாங்கிக்கொண்டாய். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

மாமாவுக்கும் அளவுகோலுக்கும் என் வணக்கம்.

உன் தம்பி

*

செப்டம்பர் 10

என் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் எல்லோரும் சுகம். சிநேகிதி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். நல்ல பெண். இனி வர மாட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெட்டியோடு லாரியின் பின்னால் இரண்டு நாள் உட்கார்ந்து வந்தாய். தலையெல்லாம் புழுதி. இறக்கி வைத்து முதல் தடவை ஓட்டியதும் என்னை உள்ளே கை வைத்துப் பார்க்கச் சொன்னாய். "இனிமே புகை கிடையாதுக்கா" என்றாய். அப்போது உன் முகம் இருந்த மாதிரி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை. உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைக் கலைக்க மனசு வரவில்லை.

நீ நாரை மாற்றாமல் அளக்கிறாய். நானும் அப்படித்தான் முயன்றேன். என்னிடம் காந்தம் இல்லை, ஒரு சிநேகிதியைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

எட்டுப் பெண்களின் பிழைப்போடு விளையாடினேன் என்று யாராவது சொன்னால் அது நியாயம்தான். ஜூலை முடியும்வரை உன் பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் எழுதிவிடுவதாக அவர்களிடம் சொல்லியிருந்தேன். அதுவரை ஒருத்திகூட என்னை அவசரப்படுத்தவில்லை. அவர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனும் கொஞ்சமில்லை.

நீ எனக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்கிறாய். இந்த வருட மழையில் இதுவரை நான் ஒரு தடவைகூட இருமவில்லை. அதைவிட என்ன வேண்டும்? நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய்.

லீவு கிடைத்ததும் வா. பெட்டி அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஜனவரியில் ஒன்று கேட்டிருந்தாய், அப்போது பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். திருகில் இரண்டு நாலும் அப்படியேதான் இருக்கின்றன. ஐந்து எழுதப் பெயின்ட் டப்பாவோடு வந்தவள் வேறு யாருமில்லை, அளவுகோல்தான். அவளைக்கூட நான் கை வைக்க விடவில்லை.

உன் அக்கா